முதல் காட்சியிலேயே செத்தவன்

உட்காருங்கள் மேனேஜர் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் கட்டை. கட்டிலில் உட்காருங்கள். சுவர்தானே கேட்டு வந்திருக்கிறீர்கள்? தருகிறேன். தெருமுனையில் சன்னல் இல்லாமல் நீளமாக ஒரு சுவர் இருந்தால் சினிமாக்காரர்களுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க அதில் நாய் காலைத் தூக்குகிறது. நீங்களும் வந்து போனால் என்ன குறைந்துவிடப் போகிறது?

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரில் நான் ஏற்கெனவே ஒரு தடவை செத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். இந்தச் சின்னமனூரில் யாரிடம் வேண்டுமானாலும் வாழைக்காய் மண்டி வீரணன் என்று கேட்டுப் பாருங்கள். "எந்த வீரணன், செத்துப் பொழைச்ச வீரணனா?" என்பார்கள். பட்டமாகவே ஆகிவிட்டது. உங்கள் கதாநாயகர்களுக்கெல்லாம் பட்டம் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. அவர்களுக்கு ரசிகர்கள் கொடுத்தது. எனக்கு உங்கள் ஆட்கள் கொடுத்தது.

உங்கள் கம்பெனி இல்லை, தெரியும். வேறு கம்பெனி. எல்லாம் ஒன்றுதான் சார். வேனில் வருவீர்கள், வாய்க்கு வாய் 'ஐயா' என்பீர்கள், போகும்போது பேப்பர் கப்பை மட்டும் தெரு நெடுக விட்டுவிட்டுப் போவீர்கள்.

லோகமணி, சாருக்குக் காப்பி போடு. என் வீட்டுக்காரி. சினிமாக்காரர் என்றால் வெளியே தலையைக் காட்டமாட்டாள். ஏன் என்று சொல்கிறேன்.

போன தடவை வந்தவன் பேர் பிரசன்னா. உதவி இயக்குநராம். தாடி வைத்திருந்தான், தோளில் ஒரு பை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே கட்டிலில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினான்.

"ஐயா, படம் எப்படி ஆரம்பிக்குதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. மொத மூணு நிமிஷத்துல, இது என்ன மாதிரிப் படம், யாருக்கு எடுத்த படம்னு தியேட்டர்ல உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிஞ்சிரணும். தெரியலைன்னா அவன் போனை எடுத்துருவான்."

ஏதோ மலையேறிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தவன் மாதிரி சொன்னான். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எனக்கே இது தெரியும். முதலில் வாசலில் ஒருத்தி கோலம் போடுகிறாள், உள்ளே சாமி பாட்டு, டம்ளரில் காப்பி ஆவி பறக்கிறது என்றால் அது பெண்களுக்கான படம். இடைவேளைக்குள் ஒரு மாமியார் வாயைத் திறப்பாள். மழை பெய்கிறது, கரண்ட் இல்லாத பங்களா, ஒரு குழந்தை தனியாகப் பந்து உருட்டுகிறது என்றால் பேய். விமானம் இறங்குகிறது, கோட்டுப் போட்டவன் ஒருத்தன் வேர்க்காமல் நடந்து வருகிறான் என்றால் அது மெட்ராஸ் பையன்களுக்கு எடுத்தது, நமக்கு ஒன்றும் விளங்காது. லோகமணி என்னைவிடக் கெட்டிக்காரி. பேர் ஓடும்போது வீணை வாசித்தால் முந்தானையைக் கையில் எடுத்துக்கொள்வாள். உடுக்கை அடித்தால், "எந்திரிங்க, வெட்டுக்குத்து" என்று முறுக்குப் பையை மூடிவிடுவாள்.

"உங்க படம் என்ன மாதிரி தம்பி?" என்று கேட்டேன்.

"மண் சார்ந்த படம்யா" என்றான்.

நல்லது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் ஆறு ஓடுகிறது, வாழை இருக்கிறது, நெல் இருக்கிறது, அதையெல்லாம் காட்டுவான் போல என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மெட்ராஸ்காரனுக்கு எங்கள் மண்ணில் விளைவது ஒன்றே ஒன்றுதான். அரிவாள்.

ஆரம்பக் காட்சியை எனக்கு நடித்தே காட்டினான். கையை இப்படிச் சதுரமாக வைத்துக்கொண்டு, "மொதல்ல கறுப்பு. ஒண்ணும் தெரியாது. ஒரு சேவல் கத்துது. அப்புறம் சுவரு. சுவத்துல ஒரு போஸ்டர். போஸ்டர்ல உங்க முகம். ஐயா, படமே உங்க முகத்துலதான் ஆரம்பிக்குது."

அந்த ஒரு வார்த்தைதான் சார். இந்த ஊரில் எத்தனை பேருக்கு மீசை இருக்கிறது? ஓட்டுக்கு நிற்கிறவன் எல்லாம் மீசை வைத்திருக்கிறான். என் மீசையைப் பார்த்துத்தான் தெருவுக்குள் வேனைத் திருப்பினானாம். சரி என்றேன். "என்ன போஸ்டர்னு கேட்டீங்களா?" என்று லோகமணி பிற்பாடு என்னைக் கேட்டாள். படமே நம் முகத்தில் ஆரம்பிக்கிறது என்று ஒருத்தன் சொல்லும்போது, என்ன போஸ்டர் என்று எவன் கேட்பான்?

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

"அதைச் சுவத்துல பார்த்ததுமே நம்ம ஆளு விசிலடிச்சிருவான்யா. சாவு, சொந்தபந்தம், பழி, ஊரு, எல்லாம் ஒரே போஸ்டர்ல வந்துரும்" என்றான். அதாவது சாவைப் பார்த்து விசிலடிக்கிறவனுக்காக என்னைச் சாகச் சொல்கிறான். அதையும் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறான் பாருங்கள்.

நான் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். கதையில் செத்தவன் பேர் சூரபாண்டியோ என்னவோ. "என் முகத்துக்குக் கீழ எவன் பேரோ எதுக்கு? வீரணன்னே போடு" என்றேன். துள்ளிக் குதித்தான். "சூப்பர்யா, யதார்த்தமா இருக்கும்" என்றான். யதார்த்தம் என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறீர்கள் சார் நீங்கள் எல்லாரும். அதைச் சொல்லி எதையும் வாங்கிவிடலாம்.

போட்டோ கேட்டான். என்னிடம் நல்லதாக இருந்தது ஒன்றுதான். வீரபாண்டித் திருவிழாவில் எடுத்தது. அதில் நான் மட்டும் இல்லை, பக்கத்தில் இன்னொருத்தன் என் தோளில் கையைப் போட்டு நிற்பான். அவனை வெட்டிவிட்டார்கள். கையை வெட்டமுடியவில்லை, வெட்டினால் என் தோள் போய்விடுமாம். டைரக்டர் வேனில் இருந்து இறங்கி வந்து பார்த்தார். "கை இருக்கட்டும், கை இருக்கட்டும்! இது யாரு கை? ஆடியன்ஸ் அதையே யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். படமே அதுதான்!" என்றார். அடுத்தவன் வீட்டுப் போட்டோவில் அவருக்குக் கதை கிடைத்துவிட்டது.

அந்தக் கை என் தம்பி காமாட்சியின் கை. ஆம்பிளைதான் சார். எங்கள் பக்கம் ஆம்பிளைக்கும் காமாட்சி என்று பேர் வைப்பார்கள். சின்ன வயதில் கரும்பு ஆலையில் கையை விட்டு, சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன்.

அவன் மகளுக்குக் கல்யாணம் வைத்தான். பத்திரிகை அடித்தான். தடிமனான பத்திரிகை, பிள்ளையார் தங்கக் கலரில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பார். அடியில் 'அவ்வண்ணமே கோரும்' என்று போட்டு ஒரு வரிசை வரும், தெரியுமல்லவா, சொந்தக்காரர்கள் பேர் எல்லாம்? அதில் அவன் மச்சினன் பேர் இருக்கிறது. மச்சினனுடைய மச்சினன் பேர் இருக்கிறது. பால்வாடி டீச்சர் பேர் இருக்கிறது. கூடப்பிறந்த அண்ணன் பேர் இல்லை.

தட்டில் பழம் வெற்றிலை வைத்து வந்து நீட்டினான். நான் மேலிருந்து கீழே படித்தேன். "இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்றேன்.

வாங்கிப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று. "அண்ணே, அச்சாபீஸ்ல விட்டுட்டான்ணே. நான் மொத பேரா எழுதிக் குடுத்தேன்ணே."

"மாப்பிள்ளை பேரை விட்டானாடா? உன் பேரை விட்டானா? தேடிப் பிடிச்சு என் பேரை மட்டும் விட்டானாக்கும்?"

"ஊரெல்லாம் குடுத்தாச்சுண்ணே. இதுல மட்டும் பேனாவுல எழுதித் தரவா?"

பேனாவில்! கேட்டீர்களா? "உன் மக கழுத்துல தாலியையும் பேனாவுலேயே எழுதிருடா" என்று சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கும் போகவில்லை. நியாயம்தானே? வாசலில் வெகுநேரம் நின்று அழுதான் என்று லோகமணி சொல்லுவாள். நான் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டேன், எப்படிப் பார்ப்பது?

அதை விடுங்கள். போஸ்டருக்கு வருகிறேன். போஸ்டரின் அடியில் துக்கப்படுகிறவர்கள் பேர் வேண்டும், உண்மையான பேராக இருந்தால் யதார்த்தம் என்றான் பிரசன்னா. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். மனைவி, மகன், மருமகள், பேரன், மண்டித் தொழிலாளர்கள், டீக்கடை சௌந்தரம், மாட்டு டாக்டர். இடம் நிறைய இருந்தது. எதிர்வீட்டில் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகாத வாத்தியார் பேரையும் சொன்னேன்.

"கூடப்பிறந்தவங்க யாரும் இருக்காங்களாயா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப இந்தக் கை?"

"திருவிழாக் கூட்டம். எவனோ போட்ட கை."

அப்படியே அச்சாகி வந்தது. என் சுவரில் ஒட்டினார்கள், பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள், அங்கிருந்து உத்தமபாளையம் போகிற ரோடு நெடுக ஒட்டினார்கள். ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் கேமராவைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் போனார்கள், வந்தார்கள். எங்கு பார்த்தாலும் நான்தான். தோற்றம், மறைவு, நடுவில் மீசை. சாயங்காலம் பூசணிக்காய் உடைத்துவிட்டு வேனை எடுத்தார்கள்.

கிழிக்கவில்லை சார். ஒரு போஸ்டரைக்கூடக் கிழிக்காமல் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தெருமுனையில் இருந்தே ஒரு ஒப்பாரி. உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்த என் சித்தப்பா மகள் பொன்னுத்தாய், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "என்னப் பெத்த அண்ணே" என்று ஓடி வருகிறாள். உள்ளே வந்து, என்னையும் என் கையில் சட்னி தொட்ட இட்லியையும் பார்த்தாள். "உசுரோடயா இருக்கீக?" என்றாள். சந்தோஷப்பட்டாள் என்று நினைக்கிறீர்களா? "பஸ்ஸு பூரா அழுதுக்கிட்டே வந்தேனே! கண்டக்டர் டிக்கெட்டுகூடக் கேக்கலையே!" என்று என்னைப் பிடித்து ஏசினாள். சாகாமல் போனது என் தப்பு.

தேனி மண்டிக்காரர்கள் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை வாங்கி வந்துவிட்டார்கள். "வாங்கியாச்சு, வீணா எதுக்கு, போட்டுக்கிருங்கண்ணே" என்று கழுத்தில் போட்டு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தி கோடித்துணி கொண்டுவந்தார். செத்தவனுக்குப் போர்த்துகிற துணி. நான் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். "இருக்கட்டும், அப்புறம் ஆகும்" என்றார். அந்த மனுஷனை நான் மறக்கமாட்டேன்.

லோகமணி ஒரு வாளித் தண்ணீரும் தோசைக் கரண்டியுமாகப் போய் நம் சுவரைச் சுரண்டினாள். "மனுசன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்பவே என் பொட்டை அழிச்சுட்டானுகளே" என்று சுரண்டச் சுரண்ட அழுதாள். நம் சுவரைச் சுரண்டலாம். உத்தமபாளையம் ரோட்டை யார் சுரண்டுவது? அதனால்தான் சார், உங்களைப் பார்த்தால் அவள் வெளியே வருவதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கால் கட்டை நாற்காலிதான். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்க்க வேண்டாமா? தன் சாவுக்கு வந்த கூட்டத்தைத் தானே உட்கார்ந்து பார்க்கிற யோகம் யாருக்குக் கிடைக்கும்? எல்லாரும் வந்தார்கள். மாட்டு டாக்டர் வந்தார். கம்பத்திலிருந்து மட்டும் ஒரு ஈ காக்காய் வரவில்லை.

வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் டீக்கடை சௌந்தரம் வாயை விட்டான்.

"காமாட்சி அண்ணன் அன்னைக்கே வந்தாருண்ணே. கம்பம் பஸ்ல இருந்து எறங்குனாரு. கையில மாலை. நம்ம கடைச் சுவத்துல போஸ்டரைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாரு. படிச்சாருண்ணே. ஒவ்வொரு பேரா விரலை வெச்சுப் படிச்சாரு. முடிச்சிட்டு மறுபடி மேல இருந்து படிச்சாரு. அப்புறம் அந்தக் கை இருக்குல்ல, உங்க தோள் மேல, அது மேல தன் கையை வெச்சுப் பார்த்தாரு. சரியா இருந்துச்சு."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"வீட்டுக்குப் போகலையாண்ணேன்னு கேட்டேன். 'என்னன்னு சொல்லிக்கிட்டுப் போறது சௌந்தரம்? அதுல நான் யாருமில்லையே'ன்னாரு. மாலையைப் போஸ்டருக்குக் கீழ சாத்தி வெச்சாரு. எதிர்ல நின்ன கம்பம் பஸ்லயே திரும்ப ஏறிட்டாரு."

"செத்தது நெசமில்ல, சினிமான்னு சொல்லவேண்டியதுதானடா!"

"டீ ஆத்திக்கிட்டு இருந்தேண்ணே. திரும்புறதுக்குள்ள பஸ்ஸை எடுத்துட்டான்."

பார்த்தீர்களா சார், கல்நெஞ்சை? அண்ணன் செத்துக் கிடக்கிறான். இவன் போஸ்டரில் பேரைத் தேடிக்கொண்டிருக்கிறான். பேர் இல்லையாம், திரும்பிப் போய்விட்டானாம்! ஒரு பேரில் என்ன இருக்கிறது? இப்படி ஒரு அற்பத்தனத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் உயிரோடு இருப்பது அப்புறம் அவனுக்குத் தெரிந்திருக்கும். பொன்னுத்தாய் சொல்லாமலா இருந்திருப்பாள்? அதற்காவது வந்தானா? செத்ததற்கும் உள்ளே வரவில்லை, பிழைத்ததற்கும் வரவில்லை.

படம் வந்தது. தேனியில் முதல் நாளே போனோம். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, மண்டி ஆட்கள், பேரன், எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனேன். லோகமணி வரமாட்டேன் என்றாள், இழுத்துக்கொண்டு போனேன். விளக்கை அணைத்தார்கள். கறுப்பு. சேவல் கத்தியது. சுவர். சுவரில் நான், ஒரு வீடு அளவுக்கு. "தாத்தா!" என்று பேரன் கத்துகிறான். அந்த நேரம் பார்த்து டமார் என்று ஒரு அடி. கதாநாயகன் பேர், முன்னால் அவன் பட்டத்தோடு, ரத்தச் சிவப்பில் பறந்து வந்து என் முகத்தில் உட்கார்ந்தது. மீசையில் இருந்து நெற்றி வரைக்கும். தியேட்டரே எழுந்து நின்று விசிலடிக்கிறது, காகிதத்தைக் கிழித்து வீசுகிறது. எனக்கு என் காது ஒன்று மட்டும்தான் தெரிந்தது.

என் பேரைத்தான் ஒருத்தன் பத்திரிகையில் விட்டான். என் முகத்தை மறைக்க இவர்கள் மெட்ராஸில் இருந்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று சார். தோள் பக்கம் எழுத்து ஒன்றும் விழவில்லை. அந்தக் கை மட்டும் முழுசாகத் தெரிந்தது. பாதிச் சுண்டுவிரலோடு, துடைத்து வைத்த மாதிரி. உடுக்கை அடித்துக்கொண்டிருக்கிறது, வெட்டுக்குத்துப் படம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குப் பக்கத்தில் லோகமணி, "கொழுந்தன் கை" என்று சொல்லி முந்தானையை எடுத்துக்கொண்டாள். அவள் கணக்கு தப்பி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தாலாவது சும்மா வந்திருப்பேன். கடைசியில் அது யார் கை என்று சொல்கிறார்கள். கொன்றவன் கையாம். கூடப்பிறந்த தம்பியே நிலத்துக்காக அண்ணனை வெட்டினானாம். நான் எழுந்துவிட்டேன்.

"எவன்டா சொன்னது? அவன் அப்படிப்பட்டவன் இல்லடா!"

"யோவ் பெருசு, உட்காருய்யா, மறைக்குது" என்று பின்னால் இருந்து ஒருத்தன்.

"பத்திரிகையில பேரை விடுவான், அவ்வளவுதான்டா அவனுக்குத் தெரியும்! கோழி அறுத்தாலே அந்தப் பக்கம் போயிருவான்டா!"

டார்ச் லைட்டோடு ஒரு ஆள் வந்து என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டான். அந்தப் பிரசன்னாவுக்குப் போன் போட்டேன். இன்றைக்கு வரைக்கும் எடுக்கவில்லை.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். குடும்பப் படம் என்றீர்கள். முதல் காட்சியில் கல்யாணப் பத்திரிகையையே பெரிதாக்கி என் சுவரில் பேனராகக் கட்டி, அதில் இருந்து கேமரா மெல்ல இறங்கி வீட்டுக்குள் போகும், பெண்கள் அப்பாடா என்று சாய்ந்து உட்காருவார்கள். அப்படித்தானே சொன்னீர்கள்? நல்லது. கட்டிக்கொள்ளுங்கள். வாடகை நீங்கள் சொன்னதுதான், அதில் எனக்குப் பேச்சில்லை.

அடியில் வருகிற பேர்களை மட்டும் நான் சொல்லுவேன். எழுதிக்கொள்ளுங்கள். 'அவ்வண்ணமே கோரும்.' முதல் பேர், கம்பம் காமாட்சி. முதலில் சார், நடுவில் இல்லை. பெரிய எழுத்து. எனக்காகச் சொல்லவில்லை, உங்கள் படத்துக்காகத்தான் சொல்கிறேன். பார்த்ததும் குடும்பப் படம் என்று தெரிய வேண்டாமா? அண்ணன் தம்பி பேர் இல்லாத பத்திரிகையைப் பார்த்தால் ஜனம் வெட்டுக்குத்து என்று நினைத்துக்கொள்ளும்.

என் பேரா? கீழே எங்கேயாவது போடுங்கள். விட்டுப்போனாலும் ஒன்றுமில்லை, பேனாவில் எழுதிக்கொள்ளலாம்.

அட, லோகமணியே காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வாங்கிக்கொள்ளுங்கள் சார். இன்னும் ஒன்றே ஒன்று. என் சுவர் ஒன்று மட்டும் போதாது. டீக்கடைச் சுவரில் ஒன்று கட்டுங்கள், சௌந்தரத்திடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கம்பத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் ஒன்று. உங்கள் கேமரா அங்கே போகாது, தெரியும். கட்டுங்கள். எல்லாம் எடுத்து முடித்த பிறகு, போன கம்பெனிக்காரர்கள் செய்தார்களே, அதே மாதிரி செய்யுங்கள். ஒன்றைக்கூடக் கழட்டாமல் போய்விடுங்கள்.